அடுத்துக் குடிவருபவருக்கு

சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே.
வீட்டுக்காரர் நாகபூஷணம் சொல்லியிருப்பார்,
கிழக்குப் பார்த்த வாசல்,
பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷ நடை என்று.
பதினேழு நிமிஷம். மேடு.

ஒன்பது வருஷம் இருந்தேன் சித்தூரில்.
வந்த முதல் வாரம்
நீவா பாலத்தில் ஆட்டோவை நிறுத்தி
ஆறு எங்கே என்று கேட்டவள் நான்.
"இதேனம்மா" என்றார் ஓட்டுநர்.
கீழே சீமைக்கருவேலம்,
ஒரு கிழிந்த மெத்தை,
மெத்தைமேல் இரண்டு பன்றிகள்.

ஜூனில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.
மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடும்.
முதல் வாரம் ஊரே பாயசம்.
மூன்றாம் வாரம் அதே வாசனை புளித்துத்
தலையணை உறைக்குள் ஏறிக்கொள்ளும்.
அப்புறம் ஈ.
சோற்றில், மூக்குக்கண்ணாடியில்,
தூங்குகிற பிள்ளையின் உதட்டில்.
ஆலை வாசலில் டிராக்டர்கள்
இரண்டு நாள் வரிசையில் நிற்கும்,
விலை படியாதவர்கள் அடியில் படுத்திருப்பார்கள்.
நடந்துபோன என்னிடம் ஒருவர்
நான்கு தோத்தாபுரியை நீட்டினார்,
நாம் கிளிமூக்கு என்போமே, அது.
காசு கொடுத்தேன்.
வாங்கவில்லை.
அதற்கப்புறம் வேறு தெரு வழியாகப் போனேன்.

பெரிய வியாதி எல்லாம் வேலூருக்கு.
இங்கே காய்ச்சல் வரைக்கும்தான்.

எழுத்து தெரியாதது முதலில் ஓய்வாக இருந்தது.
மூன்று வருஷம் எந்தச் சுவரொட்டியும்
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
பிறகு பஸ் போர்டில் வேலூரைப் பிடித்தேன்,
அடுத்து பலமநேர், காணிப்பாக்கம்.
எழுத்துக்குக் கீழே இன்னொன்று தொங்கினால்
இன்றைக்கும் தடுக்கி விழுவேன்.
இந்த ஊர்ப் பெயரிலேயே ஒன்று தொங்குகிறது.

பஸ்ஸுக்காகக் கற்றேன் என்பதுதான்
எல்லோரிடமும் சொல்லும் கதை.
உண்மையில்,
பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் என் மகள்
ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவாள்.
ஒரு சாயங்காலம் முழுக்க அதன்முன் நின்று
ஒவ்வொரு சுழியாகக் கூட்டிப் படித்தேன்:
"அம்மா பால் பொங்கிடுச்சு நான் தொடைக்கல."
தெலுங்கு எழுத்து. தமிழ்.
அவளுக்கு இப்படித்தான் வரும்.
அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன்.

பக்கத்து மாடியில் ஷம்ஷாத்.
தண்ணீர்ச் சண்டை தெலுங்கில் போடுவாள்,
சமாதானம் தமிழில்,
தனக்குத்தானே முணுமுணுப்பது உருதுவில்.
அவள் கிண்ணம் ஒன்று சிங்குக்கு அடியில் இருக்கிறது.
கொடுத்துவிடுங்கள்.
நான் கொடுக்கப் போனால் உட்காரவைப்பாள்,
எனக்கு பஸ்.

மார்கழியில் ஆறு மணிக்கு மாடிக்குப் போங்கள்.
குவாரி ஆரம்பித்திருக்காது.
மலைகள் அப்போதுதான் யாரோ கொண்டுவந்து
இறக்கிவிட்டுப் போனமாதிரி இருக்கும்.
ஏழரைக்கு முதல் வெடி.
ஜன்னல் கம்பி அதிரும், பழகிவிடும்,
பழகிவிட்டது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை.
மற்றபடி டேங்கர், மொகிலி.
நேற்று அரை டேங்கர் ஊற்றிவிட்டு
முழுக்காசு கேட்டான்.
மூட்டை கட்டிய எரிச்சல், தூக்கமில்லை,
மூச்சு விடாமல் தெலுங்கில் திட்டினேன்.
ஒன்பது வருஷத்தில் அப்படி வந்ததே இல்லை.
தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.
ஹோஸைக் கையில் பிடித்தபடி
தமிழில் சொன்னான்:
"அக்கா, நீங்க ‘ரு’ போட்டுத் திட்டறீங்க.
எனக்கு இதுவரைக்கும் யாரும்
‘ரு’ போட்டதில்ல."

மிச்சத்தையும் ஊற்றினான்.
ஆகவே தொட்டி நிரம்பியிருக்கிறது,
உங்களுக்கு இரண்டு நாள் தாங்கும்.
அவன் நம்பர் காலண்டருக்குப் பின்னால்,
ஞாயிறு எடுக்கமாட்டான்.

மோட்டார் சுவிட்சை
செருப்புப் போட்டுக்கொண்டு தொடவும்.